தேன்வாடிக்கு வந்த கடல்

தேன்வாடி மலையில் பனிமலர் விடுதியின் மாடி அறைக்குள் நுழைந்து ஜன்னல் கொக்கியை நீக்கியதும் தவமணிக்கு முதலில் வந்தது வாசனைதான். யூகலிப்டஸ் இலையும் நனைந்த மண்ணும் மணக்க வேண்டிய இடத்தில் உப்பும் பாசியும் காய்ந்த மீன் செதிலும் மணத்தன. அந்த மணம் மூக்கில் ஏறிய மாத்திரத்தில், அவள் இன்னும் எதையும் எட்டிப் பார்க்காதபோதே, அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். பள்ளத்தாக்கு இருக்க வேண்டிய இடத்தில் கடல் இருந்தது.

ஏரி இல்லை, அணை இல்லை. அதை ஏரி என்று சொல்லி அவளை ஏமாற்ற ஒருவராலும் முடியாது. மடிந்து மடிந்து வந்து காப்பித் தோட்டத்தின் கடைசி வரிசையில் நுரையை உதறிவிட்டுத் திரும்பிப் போகிற அந்த நடையை, போகும்போது கூழாங்கற்களை உருட்டிக்கொண்டு போகிற அந்த முனகலை, எதிர்க்கரையே இல்லாமல் வானத்தோடு போய்க் கலந்துவிடுகிற அந்தக் கோட்டை அவள் ஏழாம் வகுப்பு வரைக்கும் தினமும் பார்த்து வளர்ந்தவள்.

"அப்பா, கடல்!" என்று கத்திக்கொண்டே அவளுடைய மகன் நிமலன் கட்டிலில் ஏறிக் குதித்தான். அவனுக்கு ஆறு வயது.

கணவன் தனசேகர் பெட்டியை வைத்துவிட்டு வந்து பார்த்தான். சேலத்தில் பால் பண்ணையில் சூப்பர்வைசர். விடிவதற்கு முன்னால் எழுந்து பழகிய, எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதன். "அட, பரவாயில்லையே. ஒரே டிக்கெட்டுல மலையும் ஆச்சு, கடலும் ஆச்சு" என்றான்.

தவமணி ஜன்னலைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள். கொக்கி இரண்டு தடவை வழுக்கியது.

ஒவ்வொரு விடுமுறைக்கும் தனசேகர் ராமேசுவரம் போகலாம், கன்னியாகுமரி போகலாம் என்பான். அவளும் ஒவ்வொரு தடவையும் வெயில் என்றோ கூட்டம் என்றோ எதையாவது சொல்லித் தட்டிக் கழிப்பாள். இந்தத் தடவை அவளே முந்திக்கொண்டு, 'வழித்துணை' என்கிற இணையப் பயண நிறுவனத்தில் ஊர் ஊராகத் தேடி, செல்பேசி வரைபடத்தில் நீல நிறம் விரலுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்து, 'மலை தெரியும் அறை, அமைதியான சூழல்' என்று எழுதியிருந்ததை நம்பி இந்த அறையைப் பிடித்திருந்தாள். காரணத்தை அவனிடம் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்பது அவளுடைய அப்பா சிங்காரவேலு போட்ட கட்டளை. அலை வந்து போன பிறகு, மிஞ்சிய ஒற்றை மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கிழக்கே திரும்பிப் பார்க்காமல் மேற்கே நடந்து சேலம் சந்தையில் மூட்டை தூக்கப் போன மனிதர் அவர். பூர்வீகம் மாயவரம் பக்கம், பெண்டாட்டி காய்ச்சலில் போய்விட்டாள், ஒரே பெண் என்று ஊருக்கும் சொன்னார், சம்பந்தி வீட்டுக்கும் சொன்னார், சாகும்வரைக்கும் அதையே சொன்னார்.

கீழே வரவேற்பு மேசையில் மேலாளர் மாதையன் மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மலை தெரியும்னு போட்டிருந்துச்சுங்க" என்றாள் தவமணி.

"போட்டப்ப மலைதானுங்கம்மா தெரிஞ்சுது. போன ஐப்பசியில அடைமழை பிடிச்சுது பாருங்க, அது விட்ட அன்னிக்குக் காலையில பனிமூட்டம் விலகுச்சு, பார்த்தா இது கெடந்துச்சு. விளம்பரத்தை மாத்தச் சொல்லி எழுதிப்போட்டேன். யாரும் மாத்தலைங்க."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

மாதையன் துணியை உதறினார். "எதுக்குங்க பயம்? அது பாட்டுக்குக் கெடக்குது."

அது பாட்டுக்குத்தான் கிடந்தது. ஊரும் அது பாட்டுக்கு அதைச் சுற்றி வளர்ந்திருந்தது. கடல் வந்த புதிதில் ஆடுகளைப் பள்ளத்துப் பக்கம் ஓட்டாமல் கட்டிப்போட்டார்கள். கவுன்சிலர் வந்து பூசணிக்காய் உடைத்தார். சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளக்கப் பார்த்து, மறுகரை இல்லாததால் 'நீர்நிலை' என்று மட்டும் எழுதிக்கொண்டு போனார். அப்புறம் காப்பி பறிக்கிற பெண்கள் கொசுவலையைக் கிழித்து மீன் அரிக்கக் கற்றுக்கொண்டார்கள், மக்காச்சோளம் சுட்டு விற்ற பாப்பாயி அதே அடுப்பில் சட்டி வைத்து மீன் வறுக்கத் தொடங்கினாள், காற்றிலேயே உப்பு இருக்கிறதென்று ஊறுகாய்க்கு உப்பைக் குறைத்தார்கள், பாறை மேலிருக்கும் கரியபெருமாளின் பட்டு விறைத்துப்போகிறதென்று பூசாரி வெள்ளிக்கிழமைதோறும் நல்ல தண்ணீரில் அலசிப் போட்டார், சேலத்துப் பேருந்தின் நடத்துனர் கடைசி வளைவு தாண்டியதும் "பீச்சு எல்லாம் எறங்கு" என்று குரல் கொடுத்தார், கீழ்நாட்டிலிருந்து சனம் வந்து குவிந்ததில் ஊரிலிருந்த விடுதியெல்லாம் நிரம்பின. வலை போடக் கற்றார்கள், நீந்தக் கற்றார்கள், மணலில் பம்பரம் விடக்கூடக் கற்றார்கள். கடலுக்குப் பயப்பட மட்டும் அந்த ஊரில் ஒருவரும் கற்றுக்கொள்ளவில்லை. அதைச் சொல்லித்தர அங்கே ஆளில்லை.

தவமணி மாடிப்படியில் உட்கார்ந்து வழித்துணையின் எண்ணை அழைத்தாள். பாட்டுப் போட்டார்கள், இந்த எண்ணை அழுத்து, அந்த எண்ணை அழுத்து என்றார்கள், கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. இளசான, தூக்கமில்லாத குரல்.

"வழித்துணைக்கு அழைத்தமைக்கு நன்றி. நான் ஷெரின் பேசறேன். சொல்லுங்க மேடம்."

"மலை தெரியற ரூம்னு போட்டிருந்தீங்க. ஜன்னலைத் திறந்தா கடல் தெரியுது."

விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. "மேடம், கடல் தெரியும் அறைங்கறது எங்க கணக்குல மேல் வகை. உங்களுக்கு இலவசமா மேல் வகை கிடைச்சிருக்கு. வாழ்த்துகள் மேடம்."

"எனக்கு வேணாம்மா. எனக்கு மலை வேணும். வேற விடுதியில மாத்திக் குடுங்க."

"அந்த ஊர்ல இன்னிக்கு வேற அறை காலி இல்லை மேடம். புகார் பதிவு பண்ணணும்னா ஒரு போட்டோ அனுப்புங்க."

தவமணி மறுபடியும் மேலே போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைத் திறந்து, கையை மட்டும் வெளியே நீட்டிப் படம் பிடித்து அனுப்பினாள். அதற்குள் தண்ணீர் காப்பிச் செடிகளின் கடைசி வரிசையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருந்தது படத்தில் தெரிந்தது.

"மேடம், நீங்க அனுப்பின படத்துல கடல் இருக்கு" என்றாள் ஷெரின்.

"அதைத்தானே சொல்றேன்."

"ஆனா பனிமலர் விடுதி மலையில இருக்கு மேடம். அங்க கடல் கிடையாது. இது வேற ஊர்ப் படமா இருக்கணும்னு கணினி காட்டுது. கடல் இல்லாத இடத்துல கடல் தெரியுதுன்னு புகார் எடுக்க முடியாது மேடம்."

"அப்ப கொஞ்சம் முன்ன எனக்கு வாழ்த்து சொன்னியே, அது எதுக்கு?"

மறுமுனையில் மறுபடியும் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. அவள் கெஞ்சுவாள் என்று அவளே நினைக்கவில்லை. "இந்தாம்மா, நீ யாரு பெத்த பொண்ணோ. நான் வம்புக்குப் பேசலை. எனக்குப் பயமா இருக்கு. என் பிள்ளை கூட இருக்கான். அந்தத் தண்ணியை என் கண்ணு முன்னாலருந்து எடுத்துடச் சொல்லு, போதும்."

"மேலதிகாரிகிட்டப் பேசறேன் மேடம்" என்றாள் ஷெரின். இந்தத் தடவை அவள் குரலில் மனப்பாடம் இல்லை.

சாயங்காலம் தனசேகரும் நிமலனும் கரைக்குப் போனார்கள். தவமணி விடுதியின் பின்கதவு வரைக்கும் வந்து நின்றுகொண்டாள். அதற்கு மேல் கால் எழவில்லை. வெயில் சாய்ந்து தண்ணீர் செம்பு நிறமாகியிருந்தது. பாப்பாயியின் சட்டியில் மீன் பொரிகிற சத்தமும் அலைச்சத்தமும் ஒன்றாகக் கேட்டன. நிமலன் முழங்கால் தண்ணீரில் நின்று கையை ஆட்டினான். ஒவ்வொரு அலைக்கும் அவன் இல்லாமல்போய், ஒவ்வொரு அலைக்குப் பின்னும் மறுபடி இருந்தான். தவமணி கதவு நிலையில் நகம் பதியப் பிடித்திருந்தாள்.

"வா கண்ணு, சூடா ரெண்டு துண்டு தின்னு" என்றாள் பாப்பாயி. கனத்த உடம்பும் கணீரென்ற குரலும் உள்ள நடுவயதுக்காரி.

"வேணாங்க. தண்ணி எப்பவும் இவ்வளவு கிட்டயா இருக்கும்?"

"இல்லையே! நேத்து வரைக்கும் அந்த வழுக்குப் பாறைக்கு அந்தாண்ட கெடந்துச்சு. இன்னிக்கு மத்தியானம் பஸ்ஸு வந்துச்சு பாரு, அப்ப எந்திரிச்ச மாதிரி எந்திரிச்சு வந்துச்சு." மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சாவகாசமாகச் சொன்னாள். "பஸ்ஸுல யாரோ தெரிஞ்சவங்க வந்திருக்காங்கன்னு நாங்க பேசிக்கிட்டோம்."

தவமணி அங்கே நிற்கவில்லை. கணவனும் பிள்ளையும் வந்ததும் வராததுமாக, இப்போதே கிளம்பவேண்டும் என்றாள். கடைசிப் பேருந்து போய்விட்டது என்றான் தனசேகர். நடந்தே போகலாம் என்றாள். காட்டுக்குள்ளேயா என்றான். அவன் எரிச்சலோடு ஏதோ சொல்ல வாயெடுத்து, அவளுடைய முகத்தைப் பார்த்து, சொல்ல வந்ததை விழுங்கினான்.

"சரி, தவம். காலையில முதல் பஸ்ஸுக்குப் போயிடலாம். என்னன்னு மட்டும் சொல்லேன்."

"ஒண்ணுமில்லைங்க. காத்து ஒத்துக்கலை."

மறுநாள் வெயில் ஏறத் தொடங்கியபோது அவள் ஈரத்துண்டுகளைப் பெட்டியில் திணித்துக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று அழுத நிமலனைத் தனசேகர் கீழே கூட்டிக்கொண்டு போயிருந்தான். "தண்ணியில கால் வைக்க விடாதீங்க" என்று படிவரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். செல்பேசி அடித்தது.

"மேடம், ஷெரின் பேசறேன்" என்றது குரல், இந்தத் தடவை உற்சாகமாக. "நேத்து ராத்திரி பூரா எனக்கு உங்க நினைப்புதான். விட மாட்டேன்னு பேசிட்டேன் மேடம். உங்க புகாரை ஏத்துக்கிட்டாங்க. கடலை எடுத்துடறதாச் சொல்லியிருக்காங்க. இப்ப ஜன்னலைத் திறந்து பாருங்களேன்."

தவமணி ஜன்னலைத் திறந்தாள்.

கடல் இல்லை. நேற்று விடுதிச் சுவரடி வரைக்கும் வந்திருந்த தண்ணீர், யாரோ விரிப்பைப் பிடித்து இழுத்ததுபோல, பள்ளத்தாக்கின் தூரத்து மூலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அது விட்டுப்போன தரை கறுப்பாக, பளபளப்பாக, கண்காணும் தூரம் வரை கிடந்தது. அந்தத் தரையெல்லாம் வெள்ளி வெள்ளியாக மீன்கள் துள்ளின. அலைச்சத்தம் நின்றிருந்தது. பறவைச் சத்தமும் நின்றிருந்தது. அந்த அமைதியில் ஊர்ச்சனத்தின் சிரிப்பு மட்டும் கேட்டது. பாப்பாயி கூடையோடும், காப்பி பறிக்கிற பெண்கள் முந்தானையை ஏந்திக்கொண்டும், மாதையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டும், சுற்றுலா வந்த சனம் செல்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டும் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால், சிவப்புச் சட்டை போட்ட நிமலன், துள்ளுகிற ஒரு மீனைத் துரத்திக்கொண்டு ஓடினான்.

"இனிமே தெரியாது மேடம். திருப்தியா மேடம்?" என்றாள் ஷெரின்.

செல்பேசி கையிலிருந்து விழுந்தது. படிகளில் எப்படி இறங்கினாள், பின்கதவை எப்படித் தாண்டினாள் என்பதெல்லாம் பிற்பாடு அவளுக்கு நினைவுக்கு வரவே இல்லை. நேற்றுக் கால் எழாமல் நின்ற அதே இடத்தைத் தாண்டி, சேற்றில் கணுக்கால் புதையப் புதைய, எந்தத் தரையை மிதிக்கமாட்டேன் என்று இருபது வருஷமாக ஓடினாளோ அதன்மேலேயே ஓடினாள். ஓடும்போது அவளுடைய வாயிலிருந்து வந்தது சேலத்துப் பேச்சு இல்லை. அம்மா மீன் ஏலம் கூறுகிற தொண்டை, கரையிலிருந்து கட்டுமரத்துக்குக் கேட்கிற தொண்டை. அது தனக்குள் இன்னும் இருக்கிறதென்று அவளுக்கே தெரியாது.

"ஏறுங்க! மேல ஏறுங்க! கடல் உள்வாங்கிடுச்சு! திரும்பி வரும்! மீனைப் போட்டுட்டு ஓடுங்க, ஏ பொண்ணுவளா, ஓடுங்கடி!"

சனம் நின்று பார்த்தது. சிலர் சிரித்தார்கள். "போனது போச்சு, இனி எதுக்கு வருது?" என்று கேட்டார் மாதையன். தவமணி அவரைத் தாண்டிப் போய் நிமலனின் சட்டையைப் பிடித்துத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், பின்னாலேயே மூச்சிரைக்க வந்த தனசேகரிடம் அவனைக் கொடுத்து, "கோயில் பாறைக்குப் போங்க. திரும்பிப் பார்க்காதீங்க" என்றாள். இப்படி ஒரு குரலில் அவள் பேசி அவன் கேட்டதில்லை. எதுவும் கேட்காமல் ஓடினான்.

அவள் ஓடவில்லை. பாப்பாயியிடம் போய்க் கூடையைப் பிடுங்கிச் சேற்றில் வீசினாள்.

"ஏ தாயீ, பைத்தியமா உனக்கு?"

"எங்கம்மா இப்படித்தான் கூடையை எடுத்துக்கிட்டுப் போனா!" என்று தவமணி அலறினாள். "வெறுங்கூடைகூடத் திரும்பி வரலை! அங்க பாரு!"

பாப்பாயி பார்த்தாள். தூரத்தில், வானமும் தரையும் சேர்கிற இடத்தில், சுண்ணாம்பால் இழுத்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. அது மெல்லியதாக, அசையாததுபோல இருந்தது. பிறகு அதன் சத்தம் வந்தது. ஆயிரம் லாரிகள் மலையேறுவது போன்ற சத்தம். அந்தக் கணத்தில்தான் தேன்வாடிக்குப் பயம் வந்து சேர்ந்தது. பாப்பாயி தன் கணீர்க் குரலை எடுத்தாள். இரண்டு பெண்களும் சேர்ந்து கத்திக்கொண்டு ஓட, கூடைகளைப் போட்டார்கள், செருப்புகளைச் சேற்றிலேயே விட்டார்கள், வயசானவர்களைத் தூக்கினார்கள், யார் பிள்ளை என்று பார்க்காமல் கைக்கு வந்த பிள்ளையை எல்லாம் வாரிக்கொண்டு கரியபெருமாள் பாறையில் கையும் காலுமாகத் தொற்றி ஏறினார்கள். கடைசியாக ஏறியவள் தவமணி. அவள் சேலையின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது.

கறுப்பாக வந்தது அது. வந்து மீன்கடைகளை எடுத்தது, காப்பிச் செடிகளை வேரோடு எடுத்தது, பனிமலர் விடுதியை முதலில் ஜன்னல்களில் நிரப்பி, பிறகு மொத்தமாகத் தூக்கி, கொஞ்சம் திருப்பி, எடுத்துக்கொண்டது. பாறையின் பாதிவரைக்கும் ஏறி நின்று நாய்போல மோந்து பார்த்தது. தவமணி மகனின் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டு அதை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடினால் அது இன்னும் ஒரு படி ஏறும் என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு அது இறங்கியது. இறங்கி, வடிந்து, ஓடைகளாகப் பிரிந்து, மலையிடுக்குகளில் நுழைந்து, மத்தியானத்துக்குள் எங்கே போனதென்று தெரியாமல் போய்ச் சேர்ந்தது. எதிரே மலை தெரிந்தது. பள்ளத்தாக்கின் அடியில் சேற்றுக்குள்ளிருந்து பழைய பாதை ஒன்று தலைநீட்டிக்கொண்டிருந்தது.

மாதையன் தலைகளை எண்ணிப் பார்த்தார். காலைப் பேருந்தோடு வந்திருந்த நடத்துனரும் ஒரு தரம் எண்ணிப் பார்த்தார். ஒருவரும் குறையவில்லை. கடையும் வீடும் போனவர்கள் போன இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பூசாரி கோயில் தொட்டியிலிருந்த நல்ல தண்ணீரை ஒரு சொம்பில் எல்லோருக்கும் சுற்றிவிட்டார்.

"அம்மா, அது வரும்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் நிமலன்.

தவமணி சொம்பைப் பிடித்தபடி இருந்தாள். "உனக்கு ஒரு மாமா இருந்தான். அவன்தான் வீட்டுக்கு ஓடிவந்து, அக்கா, கடல் எங்கயோ போயிடுச்சு, மீனெல்லாம் துள்ளுது, கூடை எடுத்துக்கிட்டு வான்னு கூப்பிட்டான். எங்கம்மா அவனோட போனாங்க. எனக்குத் தலை பின்னிமுடிக்கலை. பின்னிக்கிட்டு வரேன்னேன்."

"மாமாவா?" என்றான் தனசேகர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இல்லாத ஒரு மச்சான் அவனுக்குத் திடீரென்று உண்டாகி, உண்டான கையோடு செத்தும் போயிருந்தான். அவன் மெதுவாக வந்து அவள் பக்கத்தில் சேற்றோடு உட்கார்ந்தான். "காய்ச்சல்னு சொன்னாங்களே, தவம்."

"அப்பா அப்படித்தான் சொல்லணும்னாங்க. ரெண்டு பேர் உடம்பும் கெடைக்கலைங்க. பேரை எடுத்தா அது கேட்டுக்கிட்டு வந்துரும்னாங்க. காரியம் பண்ணலை. அழவும் விடலை."

சுற்றியிருந்த பெண்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாப்பாயி எழுந்து வந்தாள். காலையில்தான் கடையையும் அடுப்பையும் மொத்தமாகப் பறிகொடுத்தவள், முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, தவமணிக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, அவளுடைய இரண்டு கையையும் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். காப்பி பறிக்கிற பெண்கள் ஒவ்வொருத்தியாக நகர்ந்து வந்து, தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"இத்தன வருஷமா அழாமயா வெச்சிருக்கே?" என்றாள் பாப்பாயி. "பேரைச் சொல்லு தாயீ. பேரில்லாம நாங்க எப்படி அழறது?"

தவமணி பள்ளத்தாக்கைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் அசையவில்லை. அவளுக்குப் பயம் இருந்தது. தனசேகர் அவளுடைய முதுகில் கை வைத்தான்.

"அம்மா பேரு செங்கமலம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, யாரோ தூங்குகிறவனை எழுப்புகிறவள்போலத் தணிந்த குரலில், "தம்பி பேரு பொன்வண்ணன்" என்றாள்.

பாப்பாயி அந்த இரண்டு பேரையும் தன் வாயில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, மலை முழுக்கக் கேட்கும்படி, ஒப்பாரியின் முதல் அடியை எடுத்தாள்.